கைத்தொழிலோடு கடற்கரைக்குப் போனவர்களுக்கு

சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை எழுப்பிய பெரியவர்களுக்கு,



நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு ஷீட் மெட்டல் பட்டறை வைத்திருப்பவன். உங்களில் யாரோடும் எனக்கு நேர்ப் பழக்கம் கிடையாது. உங்களில் பலர் காலமாகிவிட்டீர்கள். இருப்பவர்களுக்கும் வயது நிறைய ஆகியிருக்கும். 1966இல் ஈஞ்சம்பாக்கம் மணலில் நீங்கள் செய்த காரியத்துக்கு எங்கள் பக்கத்து ஊர்களின் சார்பில் ஒரு நன்றி பாக்கி நிற்கிறது. அதை நாலு பேர் படிக்கும்படி சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தத் திறந்த மடல்.

எங்கள் எஸ்டேட்டும் உங்கள் கிராமமும் ஏறக்குறைய ஒரே வயது. டி.ஐ. சைக்கிள் 1949இலேயே தொடங்கிவிட்டது, டன்லப் டயர் 1959இல் வந்தது, பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். 1961இல். தொழிற்பேட்டை என்று முறையாக எழுந்தது 1964. அடுத்த வருடம் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்க் வெளியே வந்தது. ஏரியும் வயலுமாகக் கிடந்த ஊர்களில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் ஷெட்டுகள் முளைத்தன. வேலை தேடுகிற பிள்ளைகள் எல்லாம் ரயில் பிடித்து மேற்கே வந்த காலம் அது. அந்தக் காலத்தில்தான் நீங்கள், முப்பது பேர் அளவுக்கு, பட்டணத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெற்கே கடற்கரைக்கு நடையைக் கட்டினீர்கள். அப்போது கிழக்குக் கடற்கரைச் சாலை என்ற பெயரே கிடையாது. திருவான்மியூர் தாண்டினால் சவுக்குத் தோப்பு, மணல், குப்பங்கள். மின்சாரம் இல்லை. கீற்றுக் கொட்டகையில் தொடங்கினீர்கள்.

பட்டணத்தில் உங்களுக்கு என்ன குறை என்று அப்போது உறவுக்காரர்கள் கேட்டிருப்பார்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தவர்கள் நீங்கள். 1850இல் கலைப் பள்ளியாகத் தொடங்கியது அது. அங்கே ஓவியமும் சிற்பமும் ஐந்தாறு வருடம் கற்றுக்கொண்டு வெளியே வந்தால், வாங்க ஆள் இல்லை, மாட்ட சுவர் இல்லை. மதராஸில் கேலரி என்று சொல்ல அன்றைக்கு அநேகமாக எதுவுமே கிடையாது. நெசவு வடிவமைப்புக்கோ விளம்பரக் கம்பெனிக்கோ போகலாம், பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராகலாம். எந்த வேலையும் தாழ்ந்ததில்லை. ஆனால் காலையில் போய் இருட்டியபின் திரும்புகிறவன் கையில் தூரிகை ஏறாது. நல்ல மாணவர்கள் ஒவ்வொருவராக வரைவதை விட்டுவிடுவதை உங்கள் ஆசிரியர் கே.சி.எஸ். பணிக்கர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பணிக்கர் அய்யாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடையது எங்கள் பட்டறைப் பையன்களுக்கு மிகவும் நெருக்கமான கதை. கோயம்புத்தூரில் 1911இல் பிறந்தவர். தகப்பனார் இறந்ததும் குடும்பத்தைக் காப்பாற்றப் படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தி இலாகாவில் வேலைக்குப் போனார். கைநிறையச் சம்பளம் இல்லாவிட்டாலும் நிச்சயமான சம்பளம். அதை விட்டுவிட்டு 1936இல் அதே கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அங்கே முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் பாறையை நெம்பித் தள்ளும் நான்கு பேர் கொண்ட உழைப்பாளர் சிலை அவர் செய்ததுதான். அவருக்குப் பிறகு 1957இல் அந்த நாற்காலியில் பணிக்கரே உட்கார்ந்தார். ஆக, சோழமண்டலத்தை நினைத்தவர் வேலை என்றால் என்ன, அதை விடுவது என்றால் என்ன என்று இரண்டையும் உடம்பால் அறிந்தவர். ‘கலைக்காகப் பட்டினி கிட’ என்று மாணவர்களுக்கு உபதேசம் செய்கிற ஆளாக அவர் இருக்க முடியாது.

அவர் செய்த யோசனைதான் நான் நன்றி சொல்ல வந்த விஷயம். முதலில் நிலம் தேடவில்லை நீங்கள். முதலில் ஒரு சங்கம் வைத்தீர்கள், ஓவியர்கள் கைவினைச் சங்கம். மாலையில் கூடி பாட்டிக் துணி செய்தீர்கள், தோலில் வேலை செய்தீர்கள், உலோகத்திலும் மண்ணிலும் செய்தீர்கள். கண்காட்சி வைத்து விற்றீர்கள். விற்ற பணம் சேர்ந்த பிறகுதான் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினீர்கள். அரசாங்கம் கொடுக்கட்டும், பணக்காரர் யாராவது ஆதரிக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. நாளின் ஒரு பகுதி கைவினைக்கு, அதில் வயிறு நிறையும். மிச்சப் பொழுது முழுக்க ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும். இந்தக் கணக்கு சரியாக இருந்ததால்தான் ஏறத்தாழ அறுபது வருடமாக அந்தக் கிராமம் நிற்கிறது. உலகத்தில் அந்தப் பத்தாண்டில் நகரத்தை வெறுத்துக் கடற்கரைக்கு ஓடியவர்கள் ஏராளம். கோவாவின் மணலிலும் கேரளத்துக் கோவளத்தின் பாறைகளிலும் வந்து கிடந்த வெளிநாட்டுப் பிள்ளைகளில் பலர் கையிருப்பு தீர்ந்ததும் திரும்பிப் போனார்கள். உங்களுக்குத் தீர்ந்துபோகிற கையிருப்பு இல்லை, தீராத கைவேலை இருந்தது.

இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், என் பட்டறையைச் சுற்றி இருக்கிற பிள்ளைகள் ஓடிப்போவதைப் பற்றியே பேசுகிறார்கள்.

ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டிசாக வந்து, அது முடிந்ததும் காண்ட்ராக்டில் தொங்கி, ஒரு கம்பெனியில் பதினோரு மாதம், இன்னொன்றில் எட்டு மாதம் என்று ஓடுகிற பையன்கள். பக்கத்திலேயே கண்ணாடிக் கட்டடங்களில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு விடியற்காலை டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பக்கத்து டீக்கடையில் கண் சிவந்து நிற்கிற பட்டதாரிப் பிள்ளைகள். டீக்கடையில் இரண்டு கூட்டமும் ஒன்றாகிவிடுகிறது. “எங்கனா பீச் ஓரமா ஒரு கொட்டா போட்டுக்கினு இருந்துரலாம்ணே, இந்த ஊரே வாணாம்” என்று என்னிடம் வேலை பார்க்கிற பையன் சொன்னான். நல்ல ஃபிட்டர். கோபத்தில் சொல்லவில்லை, களைப்பில் சொன்னான். இன்னொரு பெண், ஏதோ வெளிநாட்டு பாங்குக்கு ராத்திரியெல்லாம் கணக்குச் சரிபார்ப்பவள், பழவேற்காட்டுப் பக்கம் போய் ஆள் இல்லாத கரையில் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வந்ததை ஒரு மாதம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். சனி ஞாயிறு வந்தால் கோவளம், மாமல்லபுரம், புதுச்சேரி என்று வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள். திங்கள் காலை அதே கேட், அதே பஞ்ச் மெஷின், அதே சூப்பர்வைசர்.

இவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. எட்டு மணி நேர வேலை என்று சொல்லிப் பன்னிரண்டு மணி நேரம் நிறுத்திவைத்து, தீபாவளிக்கு முந்தின வாரம் ‘ஆர்டர் இல்லை, வர வேண்டாம்’ என்று சொன்னால் எந்த மனுஷனுக்கும் அலுத்துப்போகும். செய்கிற பொருளின் முழு உருவத்தையும் கண்ணால் பார்க்காமலே வருஷக்கணக்கில் ஒரே துளையைப் போட்டுக்கொண்டிருப்பது கொடுமை. இந்த அலுப்பு நியாயமானது. இதற்குச் சரியான பதில் சொல்லத் தெரியாமல் ‘பொறுத்துக்கோ’ என்று மட்டும் பெரியவர்கள் நாங்கள் சொல்லிவந்தோம். சொல்ல வேண்டிய பதில் முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில், உங்கள் வேலிக்குள்ளே இருந்தது.

சோழமண்டலத்துக்கு நான் முதலில் போனதே உலோகத்துக்காகத்தான். செம்பு, பித்தளையில் சிலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று வாடிக்கையாளர் ஒருவர் சொன்னார். 2009இல் திறந்த உங்கள் அருங்காட்சியகத்தில், நந்தகோபால் செய்த சிற்பத்தின் முன்னால் நின்றபோது, அவர் பணிக்கரின் மகன் என்பதோ பெரிய பெயர் என்பதோ எனக்குத் தெரியாது. நான் பற்றவைப்பைப் பார்த்தேன். எங்கள் தொழிலில் இருப்பவன் கண் அங்கேதான் முதலில் போகும். செம்பு லேசில் மசியாத உலோகம். சூடு காட்டக் காட்ட அதைத் தகடு முழுக்கப் பரப்பிவிடும். இணைக்க வேண்டிய இடம் உருகுவதற்குள் தகடே நெளிந்துவிடும். பித்தளையில் சூடு ஒரு பிடி ஏறினால் உள்ளே இருக்கிற துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பும், இணைப்பில் துளை விழும். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதற்குக் கையில் பொறுமை வேண்டும். அங்கே அந்தச் சேர்மானங்கள் மறைக்கப்படவில்லை. எங்கள் பட்டறையில் வெல்டிங் கோடு தெரிந்தால் கிரைண்டரை வைத்து வழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சரக்கு திரும்பி வரும். அங்கே கோடு கோடாகவே நின்றது, மயிலின் கழுத்திலும் கொடியின் முறுக்கிலும் ஓடுகிற கோலக் கோடாக. அதை வழிக்காமல் விடுவது என்று ஒருவர் முடிவு செய்திருக்கிறார். அந்த முடிவை எடுக்கிற உரிமைதான் எங்கள் பையன்களுக்கு இல்லாதது.

பின்னொரு நாள் அந்த ஃபிட்டர் பையனையும் அவன் கூட்டாளிகளையும் கூட்டிப்போனேன். ‘கோயில் சிலை மாதிரியா அண்ணே’ என்று கேட்டுக்கொண்டே வந்தவர்கள், உள்ளே போனதும் ஆளுக்கொரு சிற்பத்தின் பின்பக்கம் போய் நின்றார்கள். முன்பக்கம் யாரும் பார்க்கவில்லை. எப்படி முட்டுக் கொடுத்திருக்கிறார், எந்த கேஜ் தகடு, எதை முதலில் வளைத்திருப்பார் என்று ஒரே வாக்குவாதம். “வேலை தெரிஞ்சவரு” என்றான் அவன். எங்கள் எஸ்டேட்டில் இதற்கு மேல் ஒரு பட்டம் கிடையாது.

பாட்டிக் துணியையும் அப்படித்தான் பக்கத்தில் போய்ப் பார்த்தோம். உருக்கிய மெழுகைத் துணியில் தூரிகையால் இட வேண்டும். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு முறை மெழுகு, ஒரு முறை சாயத் தொட்டி. சாயம் சூடாக இருந்தால் மெழுகு கரைந்துவிடும், ஆகவே ஆறின தண்ணீரில்தான் முக்க வேண்டும். கடைசியில் கொதிநீரில் மெழுகைக் கழற்றினால், இறுகிய மெழுகு வெடித்த இடங்களில் சாயம் புகுந்து நரம்பு நரம்பாக மெல்லிய கோடுகள் நிற்கும். அந்த வெடிப்புக் கோடுகள் இரண்டு துணியில் ஒன்றுபோல் வராது. உங்கள் நிலத்துக்குக் கிரயம் கொடுத்தவை இந்தத் துணிகள். அதனால் ஓவியங்களுக்குக் கொடுக்கிற மரியாதையை நான் இவற்றுக்கும் கொடுக்கிறேன். கலைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் பாட்டிக்கை ஒரு வரியில் கடந்துபோய்விடுகிறார்கள். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அந்த ஓவியங்கள் பெரியவைதான். ஆனால் வயிற்றை நிரப்பிய வேலையும் சரித்திரத்தில் இடம் பெற வேண்டும் என்பது ஒரு பட்டறைக்காரனின் வாதம்.

கடற்கரைக்குப் போனதும் உங்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று பிள்ளைகளிடம் நான் சொல்வதில்லை. ஓவியர் கே. ராமானுஜத்தின் பெயரையும் சேர்த்தே சொல்கிறேன். பேசவே கூச்சப்பட்டவர், மனநோயோடு போராடியவர். பணிக்கர் அவரை அணைத்து வைத்துக்கொண்டார், கிராமம் அவருக்கு நிழல் கொடுத்தது. கறுப்பு மையில் கோட்டைகளும் பாம்புகளும் பறவைகளும் தேவதைகளும் நிறைந்த உலகத்தை அவர் அங்கே வரைந்தார். 1973இல் முப்பது சொச்சம் வயதில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அந்தச் சாவு உங்களை என்ன பாடுபடுத்தியிருக்கும் என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. நல்ல இடமும் நல்ல துணையும் கிடைத்தும் ஒரு மனசு ஆறாமல் போகலாம். அதற்கு வைத்தியம் வேண்டும்; கடல் காற்று வைத்தியம் ஆகாது. ராத்திரி ஷிப்ட் பிள்ளைகளில் தூக்கம் கெட்டு, பேச்சு குறைந்து, எங்காவது போய்விட வேண்டும் என்று சொல்கிறவர்களில் சிலர் சொல்வது கடற்கரையைப் பற்றியே இருக்காது. பெரியவர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும், மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். ராமானுஜத்தின் ஓவியங்களை நீங்கள் மறைக்காமல் போற்றி வைத்திருப்பதற்கு இதற்காகவே தனியாக ஒரு நன்றி.

போனவர்கள் எல்லோரும் அங்கேயே தங்கவும் இல்லை. விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் பாரிஸுக்குப் போனார்கள். அர்னவாஸ் 1988இல் மறைந்தார். வாசுதேவ் பெங்களூருக்குக் குடிபோனார். யாரையும் நீங்கள் துரோகி என்று சொல்லவில்லை. வருவதற்கும் போவதற்கும் வாசல் திறந்திருந்தது. சுல்தான் அலி, ஹரிதாஸன், கோபிநாத், சேனாதிபதி, ஜெயபால பணிக்கர், பரமசிவம், நந்தன், வெங்கடபதி என்று நான் படித்துத் தெரிந்துகொண்ட பெயர்களை வரிசையாகப் பார்த்தால், மலையாளம், தமிழ், தெலுங்கு, கன்னடம், எல்லா மொழியும் எல்லா மதமும் இருக்கிறது. ஒரே வேலியில், சங்கத்து நிலத்தில், பக்கத்துப் பக்கத்து வீட்டில். திறந்தவெளி அரங்குக்கு ‘பாரதி’ என்று பெயர் வைத்தீர்கள். எங்கள் எஸ்டேட்டிலும் இத்தனை மொழி இருக்கிறது. இப்போது ஒடியாவும் இந்தியும் வங்காளமும் கூடச் சேர்ந்திருக்கின்றன. ஆனால் ஒரே அறையில் எட்டுப் பேர் மாற்றி மாற்றிப் படுக்கிறார்கள். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரிவதில்லை.

உங்கள் கடற்கரையில் கிட்டத்தட்ட அதே காலத்தில் நடந்த இன்னொருவரையும் இங்கே நினைக்கத்தான் வேண்டும். சதீஷ் பாஸ்கர். கிண்டி ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்த பையன். வகுப்பறையை விடக் கடல் பிடித்துப்போனது. 1970களின் தொடக்கத்தில், ராமுலஸ் விட்டேக்கரின் பாம்புப் பண்ணைக் குழுவோடு சேர்ந்து, ராத்திரிகளில் சென்னைக்குத் தெற்கே மணலில் நடந்து பங்குனி ஆமைகளின் முட்டைக்குழிகளைத் தேடினார். அந்த நடை அவரை இந்தியக் கடற்கரை முழுக்கக் கூட்டிக்கொண்டு போனது. 1982இல் லட்சத்தீவில் சுஹேலி வலியகரை என்ற ஆளில்லாத் தீவில், மழைக்காலத்தில் படகுப் போக்குவரத்து நின்றுபோகும் என்று தெரிந்தே, ஆமைகளை ஆராய ஐந்து மாதம் தன்னந்தனியாகத் தங்கினார். மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் பாட்டிலில் அடைத்துக் கடலில் விட்டார். அது இலங்கைக் கரையில் ஒதுங்கி, அங்கே ஒரு மீனவர் அதைத் தபாலில் சேர்த்தார். 2023இல் அவர் இறந்தபோது நாட்டின் ஆமை ஆராய்ச்சியாளர்கள் அவரைத்தான் முன்னோடி என்றார்கள். இன்றைக்கும் தை, மாசி ராத்திரிகளில் ஆமை முட்டைக்குழிகளைத் தேடி நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மாணவர்கள் நடக்கிறார்கள். அவர்களின் அமைப்பு 1988இல் தொடங்கியது. ஆள் அரவமற்ற கரைக்கு அவரும் ஒரு வேலையோடுதான் போனார். அதனால்தான் இவரை உங்களோடு சேர்த்துச் சொல்கிறேன். என் ஃபிட்டர் பையனுக்கு நந்தகோபாலைச் சொன்னேன், கணக்குப் பார்க்கிற பெண்ணுக்கு சதீஷ் பாஸ்கரைச் சொன்னேன். அவள் இப்போது ஆமை நடைக்குப் போகிறாள். இரவு ஷிப்ட் பழகிய கண், விடிய விடிய நடக்க அவளுக்குச் சிரமமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆளில்லாத கரை என்று நகரத்துப் பிள்ளைகள் சொல்கிற எந்தக் கரையும் ஆளில்லாதது அல்ல. ஈஞ்சம்பாக்கத்தில் உங்களுக்கு முன்பே குப்பம் இருந்தது, கட்டுமரம் இருந்தது, மீன் காயவைக்கிற மணல் இருந்தது. பழவேற்காட்டிலும் அப்படித்தான். நீங்கள் அங்கே வீடு கட்டி, வரி கட்டி, அண்டை வீட்டுக்காரராக வாழ்ந்தீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் போய், பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டு, நீச்சல் தெரியாமல் அலையில் இறங்கி, மறுநாள் பேப்பரில் பெயர் வருகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அவர்களைத் தேடிக் கடலில் இறங்குகிறவர்கள் அந்தக் குப்பத்து மீனவர்கள்தான். நகரத்தில் பட்ட எரிச்சலைக் கரையில் கொண்டுபோய்க் கொட்டுவதற்கும், கரையில் குடியிருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் கிராமத்தைப் பார்த்தாலே புரியும்.

இன்றைக்கு உங்கள் வாசலில் ஓயாமல் வண்டி பாய்கிறது. சுற்றிலும் அடுக்குமாடிகளும் கேளிக்கைப் பூங்காக்களும். உங்கள் நிலத்தின் இன்றைய விலையை நினைத்தால் தலை சுற்றும். பங்கு போட்டு விற்றிருந்தால் ஒவ்வொருவரும் கோடீஸ்வரர். விற்கவில்லை நீங்கள். வேலிக்குள்ளே வேப்பமரமும் புங்கமரமும் கருங்கல் சிற்பங்களும் நிற்கின்றன. எண்ணெய்ப் பிசுக்குச் சட்டையோடு நாங்கள் உள்ளே வந்தபோது எங்களை யாரும் ஏற இறங்கப் பார்க்கவில்லை. இதைச் சொல்லாமல் நன்றி முழுதாகாது.

எல்லோரும் அம்பத்தூரை விட்டு ஓடிவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. டன்லப் மூடியபோது எத்தனை குடும்பம் நிலைகுலைந்தது என்று பார்த்த ஊர் இது. தொழிற்சாலை வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் போகிறேன் என்கிற பையனிடம் ‘போகாதே’ என்று சொல்வதை நான் விட்டுவிட்டேன். ‘எந்த வேலையைக் கையோடு கொண்டுபோகிறாய், யாரோடு போகிறாய்’ என்று கேட்கிறேன். பதில் இருந்தால் போகட்டும். இல்லையென்றால் முதலில் அதைத் தேடட்டும், மாலை நேரத்தில், உங்களைப் போல. அந்த ஃபிட்டர் பையன் இப்போது ஷிப்ட் முடிந்து ஒரு மணி நேரம் பட்டறையிலேயே இருக்கிறான். வெட்டி ஒதுக்கின செம்புத் தகடுகளை வைத்து ஒரு சேவல் செய்துகொண்டிருக்கிறான். வால் சரியாக நிற்கவில்லை. வெல்டிங் கோட்டை வழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

அவனுக்காகவும் அவனைப் போன்றவர்களுக்காகவும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். எஸ்டேட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மாதத்தில் ஒரு ஞாயிறு, உங்கள் கிராமத்தில் இன்றைக்கும் வேலை செய்கிற சிற்பிகள் யாராவது ஒருவர், எங்கள் ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்குச் செம்பையும் பித்தளையையும் கையாளக் கற்றுத் தர வேண்டும். பாட்டிக் தெரிந்த ஒருவர் எங்கள் பெண் பிள்ளைகளுக்கு மெழுகும் சாயமும் சொல்லித் தர வேண்டும். கூலி கொடுக்க எங்களால் முடிந்ததைக் கொடுப்போம். தகடும் கம்பியும் நாங்கள் கொண்டுவருகிறோம்; ஷியரிங் மெஷினில் ஒதுங்குகிற துண்டுகள் எங்கள் ஒரு தெருவிலேயே மூட்டை மூட்டையாகச் சேர்கின்றன. கேஸ் சிலிண்டர், பற்றவைக்கும் டார்ச், கண்ணாடி, கையுறை எல்லாம் எங்கள் பொறுப்பு. பிள்ளைகளை ஏற்றிவர என் லோடு வண்டி இருக்கிறது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால், வருகிற ஞாயிறே கிளம்பிவிடுவோம்.


ஷீட் மெட்டல் பட்டறைக்காரன்,
அம்பத்தூர் தொழிற்பேட்டை